ஊர்ச் சோலையும் ஊராரும்

மாகறல் திருக்கோயிலின் தல வரலாற்றில் ஒரு பலாமரத்தின் கதை வருகிறது. பிரமன் வைத்ததாகச் சொல்லப்படும் அம்மரம் நாள்தோறும் ஒரு கனி தருமாம். அக்கனியைத் தில்லைக் கூத்தப்பெருமானின் நிவேதனத்துக்காக ஊரார் முறை வைத்துத் தலையில் சுமந்து சிதம்பரத்துக்கு நடந்து சென்றனராம். ஒரு நாள் ஒரு சிறுவனின் முறை வந்தது. அவன் கனியைச் சுமக்கவில்லை. மரத்துக்கே தீ வைத்துவிட்டான். மன்னன் காரணம் கேட்டபோது, குடிமக்கள் நாள்தோறும் இவ்வளவு தொலைவு சுமை சுமந்து வருந்துவது முறையன்று என்று விடை கூறினான். அவனை ஊருக்கு வெளியே விட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான் மன்னன் பொன்னிற உடும்பைக் கண்டான் என்றும், அது புகுந்த புற்றில் இறைவன் வெளிப்பட்டான் என்றும் வரலாறு தொடர்கிறது.

கோயிலுக்குச் செல்வோர் இக்கதையை உடும்புக்காக நினைவில் வைத்திருப்பர். நாம் இங்கே அதை மரத்துக்காக நினைக்கிறோம். மரத்தின் சுமை ஓரிடத்திலும் அதன் பயன் வேறோரிடத்திலும் இருக்குமானால், எவ்வளவு அதிசயமான மரமாயினும் அது ஊராராலேயே அழியும் என்பது அக்கதையில் அடங்கிய உண்மை. ஊருக்குப் பொதுவாக ஒரு சிறு காட்டையோ சோலையையோ உண்டாக்கி, அதில் மாலை நேரத்தில் இளைப்பாறவும், பறவைகளையும் செடிகொடிகளையும் காக்கவும் விரும்புவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இவ்வுண்மையே.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மாகறலைப் பாடியபோது அதன் மாடங்களோடு நெடிய பொழில்களையும் சேர்த்தே பாடினார். செய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் ஆதலின் பொழில்களுக்குக் குறைவிருந்திராது. இன்று நம் வட்டாரத்து ஆற்றங்கரைப் புறம்போக்குகளில் பெரும்பாலும் கண்ணில் படுவது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய சீமைக்கருவேல் முட்புதரே. பகலெல்லாம் குழித்தறியில் கால் தொங்கவிட்டு, கண்ணை ஜரிகையின் மேல் நிறுத்தி உழைத்து எழும் நெசவாளிக்கும், வயலிலிருந்து திரும்பும் விவசாயிக்கும் அரை நாழிகை அமர ஒரு நிழல் இல்லையென்றால் அது சிறு குறையன்று. ஆகவே ஊர்ச் சோலை என்பது செல்வர்க்குரிய பொழுதுபோக்கு என்று எண்ணி ஒதுக்கிவிடுதல் கூடாது.

சோலையால் என்ன பயன்?

ஓர் ஏக்கர் சோலை மழையைக் கொண்டுவந்துவிடும் என்று நாம் சொல்லப் போவதில்லை. அத்தகைய மிகைப் பேச்சே பல நல்ல முயற்சிகளுக்குக் கேடாக முடிந்தது. சிறு சோலை செய்யக்கூடியவை சிலவே. ஆனால் அவை மெய்யானவை. பெய்யும் மழை வெற்றுத் தரையில் ஓடிவிடும். இலைமட்கு மூடிய தரையில் அது நின்று உள்ளிறங்கும். ஆற்றங்கரை மண்ணை வேர்கள் பிடித்து நிறுத்தும். வெயில் உச்சியில் இருக்கும்போது மரத்தடியின் வெம்மை வெளியிலுள்ளதைவிடக் குறைந்திருப்பதை எவரும் நின்று பார்த்து அறியலாம்.

விவசாயிக்கு இதனினும் நேரான பயன் உண்டு. கூகையும் ஆந்தையும் இரவில் வயலில் எலி பிடிப்பவை. கரிச்சான் பகலில் பூச்சி பிடிப்பது. இவற்றுக்குத் தங்கப் பழைய மரமும் பொந்தும் வேண்டும். தேனீக்களுக்கு ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு பூ வேண்டும். ஒரு மரம் பூத்து முடிந்தபின் மற்றொன்று எனப் பலவகை மரம் உள்ள இடத்தில்தான் அது கிட்டும். ஒரே வகை மரம் நட்ட தோப்பு மரத்தோட்டமாகுமே தவிரக் காடாகாது.

நமக்குப் புதிதன்று

பொதுச் சொத்தைக் கூடி ஆளுவது நெசவாளருக்கும் விவசாயிகளுக்கும் புதிய பாடமன்று. நெசவாளர் வாழும் ஊர்கள் பலவற்றில் பாவடி என்று ஒரு பொது இடம் உண்டு. கதிரவன் ஏறுமுன் பாவை நீள விரித்துக் கஞ்சி தோய்த்து ஆற்றுவதற்கு ஒருவருடைய வீட்டு முற்றம் போதாது. ஆகவே பலருக்கும் ஓர் இடம் என்று வைத்தார்கள். இன்றைக்கு யார் முறை, யார் இடையில் நடக்கலாகாது, யார் துப்புரவு செய்வது என்பவை எழுதப்படாத சட்டமாக இருந்தன. விவசாயிகளுக்கு அவ்வாறே ஏரி. மதகு திறக்கும் முறையும், வண்டல் எடுத்துக் கரை போடும் குடிமராமத்தும் ஊராரின் பொதுக் கடமைகள்.

மாகறலிலிருந்து செல்லும் சாலையிலேயே உள்ளது உத்திரமேரூர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, இன்றும் உள்ளன. குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து முப்பது பேரை எடுத்து, பன்னிருவரை ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவரைத் தோட்ட வாரியத்துக்கும், அறுவரை ஏரி வாரியத்துக்கும் அமர்த்தினர். ஏரிக்கு அறுவர், தோட்டத்துக்குப் பன்னிருவர் என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் அண்டை ஊரார் ஊர்த் தோட்டத்தை மேற்பார்க்கத் தனியே ஒரு குழுவை வைத்திருந்தனர்.

அக்கல்வெட்டில் மற்றொரு விதி நம் போன்ற சங்கங்களுக்கு மிகவும் பொருத்தமானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி தேர்தலுக்கு உரியவரல்லர். அவருடைய நெருங்கிய உறவினரும் உரியவரல்லர். பொறுப்பின் காலமும் ஓராண்டே. இவ்வளவு கண்டிப்பான விதி ஏன் வந்தது? பொதுச் சொத்து கெடுவது பெரும்பாலும் கோடாரியால் அன்று, கணக்கின்மையால் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர்.

வேடந்தாங்கல் காட்டும் வழி

உத்திரமேரூரைத் தாண்டி மதுராந்தகம் வட்டத்துக்குள் சென்றால் வேடந்தாங்கல். ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வூர் ஏரிக்குள், கடப்ப மரம் என்று அவ்வூரார் சொல்லும் மரங்கள் நீரில் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் வந்து அவற்றில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

இவ்விடத்தைக் காத்தவர்கள் ஊராரே. ஆங்கிலப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமையை ஒப்புக்கொள்ளும் உத்தரவைப் பெற்றனர். அரசாங்கம் அதனைச் சரணாலயமாக ஏற்றது 1936-இல். உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அது சேர்ந்தது 2022-இல். ஊராரின் காவல் இவ்விரண்டுக்கும் வெகு காலம் முந்தியது.

ஏன் காத்தனர்? பறவையின் மேல் கொண்ட அன்பு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. தீபாவளியன்றும் வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. ஆனால் மற்றொரு காரணமும் உண்டு. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. அந்நீர் வயலுக்குப் பாய்கிறது. நெல்லுக்கு எரு தனியே இட வேண்டிய அளவு குறைகிறது. காப்பவனுக்கே பயன் வந்து சேர்ந்தது. மாகறல் பலாமரத்தின் கதைக்கு நேர் எதிரான கதை இது. ஆதலால்தான் அங்கே தீ வைக்க எந்தச் சிறுவனும் தோன்றவில்லை.

சிறியதும் நிலைக்கும்

இரண்டு மூன்று ஏக்கரில் என்ன காடு என்று சிலர் கேட்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் அழகர்மலைக்கு அருகே காசம்பட்டி என்ற ஊரில் வீரகோயில் என வழங்கும் கோயிற் காடு ஒன்று இருக்கிறது. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 12 ஏக்கர் 28 சென்ட். சுற்றிலும் மாந்தோப்புகள். அங்கே மரம் வெட்டுதல் தெய்வக் குற்றம் என்று ஊரார் தலைமுறை தலைமுறையாக நம்பியதால் அக்காடு தப்பியது. 2025-ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. 2022-இல் அறிவிக்கப்பட்ட மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு அடுத்ததாக, மாநிலத்தில் அது இரண்டாவது.

இருந்த காட்டைக் காத்தது காசம்பட்டி. இல்லாத இடத்தில் காட்டை உண்டாக்கியது ஆரோவில். 1968-இல் புதுச்சேரிக்கு அருகே அக்குடியிருப்பு தொடங்கியபோது நிலம் மழையால் அரிக்கப்பட்ட செம்மண் வெளி. அங்கு வந்தவர்கள் முதலில் மரத்தை நம்பவில்லை, வரப்பை நம்பினர். நிலச்சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு மழைநீரை நிறுத்தினர். பின் விரைந்து வளரும் மரங்களை நட்டு நிழலும் சருகும் சேர்த்தனர். அதன் பின்னரே மெல்ல வளரும் இந்நாட்டு மரங்களை அந்நிழலில் வைத்தனர். கிழக்குக் கரையோரத்துக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்கள் அவை: வீரை, காசா, உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை முதலியன. மாகறல் கோயிலின் தல மரமும் எலுமிச்சை என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

முயற்சி கெடுவது எங்கே?

1950-ஆம் ஆண்டு ஜூலையில், அந்நாள் மத்திய உணவு விவசாய மந்திரி கே. எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். அன்றுதொட்டு ஆண்டுதோறும் கன்றுகள் நடப்பட்டு வருகின்றன. நட்டவை எத்தனை என்று சொல்பவர் பலர். பிழைத்தவை எத்தனை என்று கேட்பவர் சிலர். நடுவது ஒரு நாள் வேலை. காப்பது மூன்று கோடைகளின் வேலை. முதல் தவறு இதை மறப்பது.

இரண்டாவது தவறு இன்னும் பெரிது. வெறும் புதராக நமக்குத் தோன்றும் நிலத்தில் ஏழை ஒருத்தி விறகு பொறுக்கிக் கொண்டிருப்பாள். ஒருவர் நான்கு ஆடுகளை மேய்த்துக் கொண்டிருப்பார். அழகிய சோலை வேண்டுமென்று கம்பி வேலி போட்டு அவர்களை வெளியேற்றினால், நமக்கு நிழல் கிடைக்கும். அவர்களுக்கு அடுப்பு அணையும். அச்சோலைக்கு அன்று முதல் ஓர் எதிரி உண்டு.

இமயமலைச் சாரலில் குமாவோன் பகுதியில் இது நடந்தது. ஆங்கில அரசாங்கம் காடுகளை ஒதுக்கி மக்களின் மேய்ச்சலையும் விறகையும் தடுத்தபோது, 1921-ஆம் ஆண்டில் அம்மக்கள் காடுகளுக்குத் தீயிட்டனர். அதன் பின்னரே அரசாங்கம் இறங்கி வந்தது. 1931-இல் ஊர்தோறும் வனப் பஞ்சாயத்துகள் அமைக்க விதி செய்தது. தங்கள் காட்டுக்குத் தாங்களே விதி வகுக்கத் தொடங்கிய ஊர்கள் இன்றும் அங்கே உள்ளன. பலாமரத்துக்குத் தீ வைத்த சிறுவன் கதையில் மட்டும் வாழ்பவன் அல்லன்.

செய்யும் முறை

ஊர்ச் சோலை அமைக்க விரும்பும் ஊரார் முதலில் நிலத்தின் தன்மையை அறிய வேண்டும். ஆற்றுப் புறம்போக்கும் ஏரிப் புறம்போக்கும் அரசுக்குரியவை; பஞ்சாயத்தின் தீர்மானமும் வருவாய்த் துறையின் இசைவும் இன்றி அங்கே மண்வெட்டி வைத்தல் ஆகாது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுமாறு 2022 முதல் ஏற்பாடு உள்ளது. அங்கே எல்லோர் முன்னிலையிலும் இதைப் பேசித் தீர்மானிப்பதே சிறந்தது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்பதையும் அங்கே எடுத்துரைக்கலாம். வெள்ளம் பாயும் வழியில் மரம் வைத்தல் கூடாது. அது நீரைத் தடுத்துக் கரையை உடைக்கும். வெள்ள மட்டத்துக்கு மேற்பட்ட இடமே தகுந்தது.

இரண்டாவது, முட்புதரை ஒரே நாளில் அழித்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு பங்காக வேரோடு களைந்து, அவ்விடத்தில் நட்ட பின் அடுத்த பங்குக்குச் செல்லலாம். களைந்த விறகு அதுவரை அங்கே விறகு எடுத்தவர்களுக்கே முதலில் சேர வேண்டும்.

மூன்றாவது, நடவு. பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 300 கன்றுகள் பிடிக்கும். ஆற்றோரம் நீர்மருதும் நாவலும், மேட்டில் வேம்பும் புங்கமும் இலுப்பையும் மகிழும் வரலாம். இடையிடையே வீரை, காட்டு எலுமிச்சை போன்ற காட்டு மரங்கள் வேண்டும். வேலிக்குக் கம்பியைவிடக் கிளுவையும் நொச்சியும் ஆடாதொடையும் மேல். ஆடாதொடையின் பெயரே அதன் தகுதியைச் சொல்லும். புரட்டாசி மழை மண்ணை நனைத்த பின் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் கன்றுக்குக் கிட்டும்.

நான்காவது, தண்ணீர். பங்குனி முதல் ஆனி வரை, முதல் இரண்டு மூன்று கோடைகளில், வாரம் ஒரு முறையேனும் ஊற்ற வேண்டும். 300 கன்றும் ஒருவர் பொறுப்பு என்றால் அது எவர் பொறுப்பும் அன்று. அறுபது வீட்டார் ஆளுக்கு ஐந்து கன்று என்று பெயர் எழுதி ஏற்றால் சுமை இலேசாகும். எந்தக் கன்று எவருடையது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். பட்டுப்போன கன்றுக்குப் பதில் மறு பருவத்தில் வைப்பதும் அவரே.

ஐந்தாவது, பயன். சருகும் காய்ந்த சுள்ளியும் யாருக்கு, இலுப்பை வித்தும் புங்கம் வித்தும் எடுப்பவர் யார், ஆடு எந்த மாதம் எந்தப் பக்கம் வரலாம் என்பவற்றை நடும்முன்பே எழுதி வைக்க வேண்டும். விறகு பொறுக்குபவரும் ஆடு மேய்ப்பவரும் அந்தக் குழுவில் இடம் பெற வேண்டும். அவர்களைக் காவலர் விரட்டுவதைவிட அவர்களே காவலராய் இருப்பது செலவிலும் குறைவு, பலனிலும் நிறைவு. இளைப்பாற வருவோருக்கு நடைவழி ஒன்றும், கல் இருக்கைகள் சிலவும் போதும். எஞ்சிய பகுதியில் மனிதர் கால் படாமல் விட்டால் பறவைகள் தாமே வந்து சேரும்.

கூட்டுறவின் வேலை

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் இதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஜப்பானின் ஊர்க்காடுகள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள் முதலியவற்றை ஒப்பிட்டு நோக்கினார். பொதுச் சொத்து என்றால் அழிந்தே தீரும் என்ற கருத்து பிழை என்று அவர் காட்டினார். எல்லை தெளிவாய் இருத்தல், பயனடைவோரே விதி செய்தல், அவர்களுக்குள்ளேயே மேற்பார்வை இருத்தல், தவறுக்குத் தண்டனை சிறிதாய்த் தொடங்கிப் படிப்படியாய் உயர்தல் ஆகியவை நெடுங்காலம் நிலைத்த பொதுச் சொத்துகளில் அவர் கண்ட இயல்புகள். 2009-ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அத்துறையில் அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

இவ்வியல்புகளைப் படிக்கும் அங்கத்தினருக்கு இவை எங்கோ கேட்டவையாகவே தோன்றும். நம் சங்கத்தின் உபவிதிகளில் இருப்பவையும் இவையே. இந்தியாவில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1904-இல் நிறைவேறிய பின், அவ்வாண்டு அக்டோபரில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் முதலாவதாகப் பதிவு பெற்றது நம் காஞ்சிபுரத்தில்தான். சிறு தொகைகளைப் பலர் சேர்த்து, கணக்கு எழுதி, ஆண்டுதோறும் மகாசபையில் படித்துக் காட்டி, ஒருவர் தவறினால் மற்றவர் கேட்கும் பழக்கத்தை இவ்வட்டாரம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டு வருகிறது. கடனுக்கும் நூலுக்கும் பட்டுக்கும் பயன்பட்ட அப்பழக்கம் ஐந்து கன்றுகளுக்குப் பயன்படாமல் போகாது.

ஆகவே சங்கம் செய்யத்தக்கது பெரிய செலவன்று. லாபத்தில் பொது நலத்துக்கென ஒதுக்கும் தொகையுள்ள சங்கங்கள் அதில் ஒரு சிறு பகுதியைக் கன்றுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் தரலாம். சோலைக் குழுவின் கணக்கையும், பிழைத்த கன்றின் எண்ணிக்கையையும் ஆண்டுக்கொரு முறை பொதுக்கூட்டத்தில் படிக்கச் செய்யலாம். பட்ட கன்றின் எண்ணிக்கையையும் மறைக்காமல் படிக்க வேண்டும். தவறு அப்போதே திருந்தும். பொறுப்பாளரை ஆண்டுக்கொரு முறை மாற்றலாம். உத்திரமேரூரார் செய்தது இவ்வளவே.

இன்று நடும் நாவல் மரத்தின் கனியை நம் பேரப்பிள்ளைகள் பொறுக்குவர். அவர்களுக்கு நாம் விட்டுச் செல்வது மரம் மட்டுமாயின் அதை எவரேனும் ஒரு நாள் வெட்டிவிடக்கூடும். மரத்தோடு அதைக் காக்கும் விதியையும், அவ்விதியில் எல்லோருக்கும் உள்ள பங்கையும் விட்டுச் செல்வோமாயின் சோலை நிலைக்கும். அடுத்த கிராம சபைக்குச் செல்லும் அங்கத்தினர்கள் இப்பொருளை அங்கே எழுப்புவார்களாக. செல்லும்போது, ஆற்றங்கரையில் விறகு பொறுக்கும் அம்மையாரையும் உடன் அழைத்துச் செல்வார்களாக.